ஊசி போடாத டாக்டரம்மா

நாமக்கல் ஜில்லாவில் ஊசி போடாமல், மாத்திரை எழுதாமல், நாக்கை நீட்டச் சொல்லாமல் பேர் வாங்கிய டாக்டர் என்று ஒரே ஒருவரைத்தான் சொல்ல முடியும். எங்கள் ஊரில் இது லேசுப்பட்ட காரியமில்லை. இங்கே இரண்டு ஊசி போடுகிறவர் கைராசிக்காரர். ஒரு ஊசி போடுகிறவர் பரவாயில்லை. வெறும் மாத்திரை கொடுத்து அனுப்புகிறவரை, 'நிஜமாகவே படித்தவர்தானா?' என்று நாலு பேரிடம் விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு அந்த அம்மாள் இரண்டு காதுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். ஜெயித்தும் காட்டினார்.

என் ஆபீஸ் கீழே, அவர் அறை மேலே. லாரிகளுக்கு எஃப்.சி., பெர்மிட் வாங்கிக் கொடுப்பது என் பிழைப்பு. இடமும் வலமும் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள். காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கிற சுத்தியல் சத்தம் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் ஓயும். "மனசு விட்டுப் பேசற எடமாங்க இது?" என்று முதல் நாளே கேட்டேன்.

"இதைவிட நல்ல எடம் கிடைக்காது சார். உள்ளே யாரு அழுதாலும் வெளியே ஒரு ஈ காக்காய்க்குக் கேக்காது" என்றார்.

பருத்திப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம், காலில் முழங்கால் வரைக்கும் ரோமம் வைத்துத் தைத்த பூட்ஸ். கனடாவில் பனிக்காக வாங்கியதாம். பணம் போட்டு வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று நாமக்கல் சித்திரை வெயிலில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த பூட்ஸுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நான் இன்றுவரை யோசிக்க விரும்பவில்லை.

'கவுன்சலிங் சென்டர்' என்று போர்டு மாட்டினார். அது பரீட்சை முடிவு வந்த வாரம். முதல் ஆறு நாளும் மார்க் ஷீட்டை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு பெற்றோர்கள் படியேறினார்கள். எங்கள் ஊரில் கவுன்சலிங் என்றால் இன்ஜினியரிங் கவுன்சலிங்தான். ஒருவர் மூச்சு வாங்க உட்கார்ந்து, "பொண்ணு கட்-ஆஃப் நூத்தித் தொண்ணூத்தி ரெண்டுங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் கெடைக்குமுங்களா?" என்றார்.

"பொண்ணு நல்லாத் தூங்குதுங்களா?"

"தூங்கறதுக்கா இத்தன ஃபீஸ் கட்டிப் படிக்க வெச்சமுங்க?"

"சரி, நீங்க தூங்குறீங்களா?"

அந்த மனிதர் மார்க் ஷீட்டை மடியில் கவிழ்த்து வைத்தார். அவர் தூங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர்தான் டாக்டரம்மாவின் முதல் ஆள்.

பேர் வைத்தது ஒரு கோழிப்பண்ணைக்காரர். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குத் துக்கம், பயம், கவலை எதுவும் கிடையாது. எல்லோருக்கும் வாயுத் தொல்லை மட்டும்தான். தம்பி பேச்சை நிறுத்தினாலும் வாயு, மகள் வேறு சாதியில் கட்டிக்கொண்டாலும் வாயு. அவரும் வாயு என்றே வந்து ஒரு மணி நேரம் பேசினார். முடிந்ததும் சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

"ஊசி இல்லீங்க" என்றார் டாக்டரம்மா.

"சத்து ஊசியாச்சும்?"

"அதுவும் இல்லை. நான் ஊசி போடற டாக்டர் இல்லீங்க, சைக்காலஜிஸ்ட்."

"அப்பறம் எதுக்குங்க ஒரு மணி நேரம் என்ற வாயப் புடுங்குனீங்க?"

கோபத்தோடு இறங்கி வந்து என் ஆபீசில் இருந்த ஏழு லாரிக்காரர்களிடமும் முறையிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் அதே மனிதர் அதே படியில் ஏறினார். நான் புருவத்தைத் தூக்கினேன். "தூக்கம் வந்துச்சுங்க. ஊசியும் போட்டிருந்தா இன்னும் சேத்தி வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே போனார். அன்றிலிருந்து அவர் ஊசி போடாத டாக்டரம்மா. சொந்தப் பேர் வாடகைப் பத்திரத்தில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

அவர் சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா சவப்பெட்டிக் கடை வைத்திருந்தார். கடையில் மேஜை கிடையாது என்பதால் அந்த அம்மாள் பத்தாவது வரை வீட்டுப்பாடம் எழுதியது பெட்டி மூடிகளின் மேல்தான். தன் படிப்பைப் பற்றிக் கேட்டால் பெங்களூர்க் கல்லூரியைச் சொல்ல மாட்டார், கனடாப் பல்கலைக்கழகத்தைச் சொல்ல மாட்டார். கடையைத்தான் சொல்வார்.

"ஒருத்தர் வந்து அழுவார் சார். ஒருத்தர் வார்னிஷ் சரியில்லைன்னு எங்கப்பாகிட்ட சண்டை போடுவார். ஒருத்தர் ஜோக் அடிச்சுக்கிட்டே நிப்பார். மூணு பேருக்கும் அன்னைக்குச் செத்தது அம்மாதான். துக்கத்துக்கு ஒரே மூஞ்சி கிடையாதுன்னு எனக்கு எட்டு வயசுலயே தெரியும். அப்புறம் பெரிய படிப்பு படிச்சு அதை மறந்துட்டேன்."

மறந்ததை ஞாபகப்படுத்தியது கனடா. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இருபது தேசத்து ஜனங்கள் வருவார்களாம். புத்தகத்தில் போட்டிருந்தபடி ஒருவரை மட்டும் உள்ளே விடுவது, எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்ப்பது, 'உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது?' என்று கேட்பது. ஆப்பிரிக்காவிலிருந்து அகதியாக வந்த ஒரு பெண் நான்கு வாரம் வந்து வாயே திறக்கவில்லை. ஐந்தாவது வாரம் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சட்டப்படி அவர்களை வெளியே நிறுத்த வேண்டும். டாக்டரம்மா சட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். அந்தப் பெண் நடுவில் உட்கார்ந்துகொண்டு மதியம் வரை பேசினாளாம்.

ஊர் திரும்பி முதலில் சேலத்தில்தான் அறை எடுத்திருக்கிறார். வேலைக்கு ஆகவில்லை. யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும், "பெட்டிக்கடை பொண்ணு வருது, அளவெடுக்கவா?" என்று வெலவெலத்துப் போனார்கள். அதனால்தான் நாமக்கல். தினமும் சேலத்திலிருந்து பஸ்.

மேலே நடக்கிற வைத்தியத்தைப் பார்த்து எனக்குப் பல நாள் தலை சுற்றியிருக்கிறது. விவசாயிகள் வந்தால் நாற்காலிகளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பக்கத்தில் பக்கத்தில் போடுவார். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். எங்கள் ஆட்கள் மூஞ்சிக்கு மூஞ்சி உட்கார்ந்தால் அது பஞ்சாயத்து, பேச்சு வராது. ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு தறிக்கார அம்மாள் வருவார். அவருக்குக் கை சும்மா இருந்தால் வாய் வராது. அதனால் டாக்டரம்மா மொச்சைக்காய் வாங்கி வைத்திருப்பார். அந்த அம்மாள் உரித்துக்கொண்டே மாமியாரைப் பற்றிச் சொல்வார். அந்த மொச்சையை டாக்டரம்மா சாயங்காலம் சேலத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் குழம்பு வைப்பார். சேலத்து மாதா கோயில் தெருவிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கப் பாட்டியம்மா இதையும் கோயிலில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் என்று எண்ணி மண்டி போட்டுவிட்டார். முடிந்ததும், "பரிகாரமா எத்தனை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லணும்மா?" என்று கேட்டாராம். "எத்தனை வேணா சொல்லுங்க, நடந்துக்கிட்டே சொல்லுங்க. தினம் அரை மணி நேரம்" என்று டாக்டரம்மா அனுப்பி வைத்ததைப் பாட்டியம்மாவே கீழே வந்து சொன்னார்.

மாத்திரை வேண்டியவர்களை மாத்திரை டாக்டரிடம் கையோடு அனுப்பிவிடுவார், அதில் வீம்பு கிடையாது. "ஒருத்தருக்கு வருத்தம்னா, அவங்க வீட்டுல வருத்தத்தை எப்படிச் சொல்வாங்கன்னு எனக்கு முதல்ல தெரியணும். அது தெரியாம மனசுல என்ன இருக்குன்னு கேட்டா பொய்தான் கிடைக்கும்" என்பார். நான் தலையாட்டுவேன். உள்ளுக்குள், 'கனடாவில் பிழைக்கத் தெரியாமல் வந்த அம்மாள்' என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மனசுத் தொல்லை என் வீட்டுக்கு வரும் வரைக்கும் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

வந்தது என் மச்சானுக்கு. அக்காவின் புருஷன். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில் எட்டு கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்துக்குள் வீடு. இருபது வருஷமாக ரிக் வண்டியில் மேனேஜர். வடக்கே ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிற வேலை. வருஷத்தில் ஒன்பது மாதம் வீட்டில் இருக்க மாட்டார். இருக்கிற மூன்று மாதமும் வீடு சிரித்துக்கொண்டே இருக்கும். அந்த மனிதர் ஒரு வைகாசி மாதம் சத்தீஸ்கரிலிருந்து திரும்பி வந்தார். வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். சோறு பாதியாயிற்று. எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்றார். லாரி வேண்டாம், பஸ் வேண்டாம், மொபெட்டின் பின்சீட்டில்கூட உட்கார மாட்டேன் என்றார். மந்திரித்துப் பார்த்தார்கள், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினார்கள், ஊசியும் போட்டுப் பார்த்தார்கள்.

ஒருநாள் அக்கா ஆபீசுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "தம்பி, அவரு மேக்கால தோட்டத்துப் பழைய போர் குழாய்கிட்டப் போயி நின்னுக்கறாரு. மூடியத் தொறந்து உள்ளயே பாக்கறாரு. எனக்கு பயமா இருக்குது" என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே பயம். அவள் போனதும் நான் மாடி ஏறினேன்.

"நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. "யாரு யாரு வர்றாங்களோ வரட்டும்."

அந்த ஊர்வலத்தை நாமக்கல் இன்னும் மறந்திருக்காது. மச்சான் வண்டியில் ஏற மறுத்து எட்டு கிலோமீட்டரும் நடந்தார். அவருக்குப் பின்னால், நடை வேகத்திலேயே, ஒரு ஆம்னி வேன். அதற்குள் பதினோரு பேர். முன் ஜன்னலில் மச்சானின் பெரியப்பா உடம்பில் பாதியை வெளியே விட்டுக்கொண்டு, "ஓரமாப் போ சாமி! லாரி வருது!" என்று வழி நெடுக உத்தரவு கொடுத்துக்கொண்டே வந்தார். எதிரே வந்தவர்கள் சாமி ஊர்வலம் என்று எண்ணிச் செருப்பைக் கழற்றினார்கள்.

பதினோரு பேரும் மேலே ஏறினார்கள். என் ஆபீஸ் நாற்காலிகள் போதாமல் பட்டறையிலிருந்து பெஞ்சு வந்தது. டாக்டரம்மா மச்சானிடம் பேர் கேட்டார். பெரியப்பா பேரைச் சொன்னார். பசிக்கிறதா என்று கேட்டார். பெரியப்பா, "பசிக்குமுங்க, ஆனா திங்க மாட்டானுங்க" என்றார். "டாக்டரம்மிணி, நாஞ் சொல்றத எழுதிக்குங்க. இவனுக்குச் சின்ன வயசுல இருந்தே பித்த ஒடம்பு."

"ரொம்ப முக்கியமான விஷயம் சொல்றீங்க. நீங்க சொல்லச் சொல்ல ஒருத்தர் ஒழுங்கா எழுதணும். கீழே சார் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்கு. எல்லாரும் போய்ப் பிறந்ததுல இருந்து சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

நான் பகல் பூராவும் உட்கார்ந்து என் மச்சானின் பித்த வரலாற்றைத் தட்டச்சு செய்தேன். ஒன்பது பக்கம் வந்தது. அதற்குள் மேலே ஜன்னலைப் பார்த்து இரண்டு நாற்காலிகள் போட்டாகிவிட்டது.

"கடைசியாப் போட்ட போர் எத்தனை அடிங்க?" என்று கேட்டாராம்.

மச்சான் தெருவைப் பார்த்தபடியே, "தொள்ளாயிரத்தி இருவது" என்றார்.

"தண்ணி?"

"வெறும் கல்லுப் பொகதான் வந்துச்சு."

மூன்று மாதத்தில் அவர் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. இதெல்லாம் டாக்டரம்மா சொல்லி எனக்குத் தெரியாது. தலையை வெட்டினாலும் ஒருத்தர் பேச்சை இன்னொருத்தரிடம் சொல்ல மாட்டார். பின்னால் மச்சானே சொன்னதுதான்.

அதற்குப் பிறகு அறையில் வைத்தியம் நடக்கவில்லை. மச்சான் நடந்து வந்தார். டாக்டரம்மா அவரோடு திரும்பி வீடு வரைக்கும் நடந்தார். வாரம் இரண்டு நாள், எட்டு எட்டு கிலோமீட்டர், அந்த பூட்ஸோடு. இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போவார்கள். நான்கு நடையில் பாறையைப் பற்றியும் பைப்பைப் பற்றியும் மட்டும் பேச்சு. ஐந்தாவது நடையில்தான் பத்ராஸ் வந்தான்.

பத்ராஸ் ஜார்க்கண்டுக்காரன், பழங்குடி, கத்தோலிக்கன். பத்தொன்பது வருஷம் மச்சானோடு ஒரே வண்டியில் டிரில்லராக இருந்தவன். ஒரே சட்டியில் சாப்பாடு. மச்சானிடம் கற்றுக்கொண்டு, 'ஏனுங்க, வாங்க' என்று எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவான். அவன் ஊருக்குப் போகணும் என்று லீவு கேட்டிருக்கிறான். "இந்த ஒரு பாயிண்ட முடிச்சுட்டுப் போ" என்றிருக்கிறார் மச்சான். அந்தப் போரில் தொள்ளாயிரத்து இருபதாவது அடியில் புகை வந்துகொண்டிருக்கும்போது பத்ராஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

"அவன ஊருக்குக் கொண்டு போற வண்டியில எடம் இருந்துச்சுங்க. நான் ஏறலீங்க. அவன் சம்சாரத்துகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கறது?" என்று சொல்லிவிட்டு மச்சான் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும், 'உங்க தப்பு ஒண்ணுமில்லீங்க' என்றுதான் சொல்லியிருப்பார்கள். டாக்டரம்மா பக்கத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்து, "இன்னும் எழவு கேக்கலீங்களா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பு உண்டு. எழவுக்குப் போகாவிட்டால் கிடையாது. ஏழு வருஷம் பேசாதிருந்த பங்காளிகூட எழவுக்கு வந்து நிற்பான். வருகிறவர் பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். போக வேண்டும், உட்கார வேண்டும், 'என்ன ஆச்சுங்க?' என்று கேட்க வேண்டும், அவர்கள் சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும். எழுந்து வரும்போது மட்டும், 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிடக் கூடாது. எழவு வீட்டுக்குத் திரும்ப வருகிற மாதிரி ஆகிவிடும். பேசாமல் வந்து தலைக்குக் குளிக்க வேண்டும். மச்சானின் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது பித்தம் இல்லை, கேட்காத எழவு.

"இத்தன வருஷம் எனக்கும் சேத்தி அவந்தான் இந்தி பேசுனானுங்க. எனக்குப் பாஷையும் தெரியாது, சாமியும் வேற. எப்படிங்க கேக்கறது?"

"எனக்கு இந்தி தெரியும். சாமியும் தெரிஞ்ச சாமிதான்" என்றார் டாக்டரம்மா.

முதலில் வீடியோ காலில் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. இடம், என் ஆபீஸ். பதினோரு பேரும் வந்தார்கள். எழவு வீட்டுக்குப் போகிற முறைப்படியே செருப்பை வெளியே விட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் கம்ப்யூட்டர் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பெர்மிட் கேட்டு வந்த ஒரு லாரிக்காரரும் விஷயம் புரியாமல் துண்டைக் கட்டிக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தார். திரையில் பத்ராஸின் மனைவி சலோமி வந்தார். மெலிந்த பெண். பின்னால் மண்சுவர், மாதா படம்.

மச்சான், "என்ன ஆச்சுங்க?" என்று கேட்டார். கேட்பவருக்குத் தெரியாததா? ஆனாலும் அதுதான் முறை. டாக்டரம்மா இந்தியில் சொன்னார். சலோமி சொன்னார், பெட்டி வந்து இறங்கியதிலிருந்து அடக்கம் வரைக்கும். டாக்டரம்மா ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னார். பெரியப்பா வாய் திறக்கவில்லை. அவருக்குத் தெரிந்த இடம் இது.

எல்லாம் முறையாக முடிந்தது. மச்சான் எழுந்தார், கைகூப்பினார். இருபது வருஷம் வடக்கேயிருந்து வீட்டுக்குப் போன் பேசி வைத்த பழக்கமோ என்னவோ, வாய் தானாகச் சொல்லிவிட்டது: "அப்பறம், போயிட்டு வாரேனுங்க."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பெரியப்பா தலையில் கை வைத்தார். மச்சான் வெளிறிப்போய் நின்றார்.

டாக்டரம்மா அதையும் இந்தியில் சொல்லிவிட்டார். நிதானமாக, சொல் சொல்லாக. சலோமியின் முகம் மாறியது. என்னவோ கேட்டார்.

"எப்ப வர்றீங்கன்னு கேக்கறாங்க. கல்லறைக்கு இன்னும் சிலுவை நடலையாம். நீங்க வந்த பிறகு நட்டுக்கறாங்களாம்" என்றார் டாக்டரம்மா.

வீடியோ கால் முடிந்ததும் நான் டாக்டரம்மாமேல் பாய்ந்தேன். "அவரு தப்பாச் சொல்லிட்டாருங்க. நீங்க அத விட்டுத் தொலைச்சிருக்கலாமில்லீங்க?"

"விட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு சேலம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பதினோரு பேரும் போனில் கேட்ட எழவுக்குத் தலைக்குக் குளிக்க வேண்டுமா என்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். "எழவு எழவுதான்" என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். அதோடு விட்டாரா? என் கம்ப்யூட்டருக்கும் தீட்டு என்று சொல்லி, மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கீபோர்டில் தாராளமாகத் தெளித்தார். இன்றைக்கும் அதில் 'ம' அடித்தால் நான்கு 'ம' விழும்.

பயணத்துக்கு நாள் குறித்தோம். மச்சான், டாக்டரம்மா, நான். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. மச்சான் ரயில் ஏறமாட்டார் என்றும், அப்போது அவரைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும் என்றும் நினைத்தேன். சேலம் ஜங்ஷனுக்கு வருவதற்கே மச்சான் முந்தின நாள் கிளம்பி நடந்தார்.

ரயில் வந்து நின்றது. டாக்டரம்மா ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டார். வா என்று கூப்பிடவில்லை. வழியனுப்ப வந்திருந்த பதினோரு பேரோடு நானும் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் படிக்கட்டுக் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக நின்றார். நெற்றி வேர்த்துக் கொட்டியது. அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

பெரியப்பா திடீரென்று அதட்டினார்: "என்ன வேடிக்கை? எழவுக்குப் போறவன யாராச்சும் வழியனுப்புவாங்களா? எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!"

அப்படியொரு முறை கிடையாது. நான் அதே சாதி, அதே ஊர், எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள். சேலம் ஜங்ஷனில் ஒரு குடும்பம் முழுக்க ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து வரிசையாக நின்றது. நானும் நின்றேன். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டதும் திரும்பினேன். பிளாட்பாரத்தில் மச்சான் இல்லை. ஓடிப்போய் நான்தான் கடைசியாகத் தொற்றி ஏறினேன். உள்ளே டாக்டரம்மா, "இது எந்தப் புத்தகத்திலயும் இல்லை சார்" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இரண்டு நாள் ரயில், அப்புறம் பஸ், அப்புறம் ஜீப். பத்ராஸின் ஊரில் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கால் கழுவி விடுகிற வழக்கம். சலோமி சொம்பும் தட்டுமாக வந்து மச்சானின் காலடியில் உட்கார்ந்தார். மச்சான் பதறி எழப் பார்த்தார். டாக்டரம்மா அவர் தோளில் கை வைத்தார். ஒரு காலில் தண்ணீர் விழுந்ததும் மச்சான் உடைந்துபோய், "அவன் லீவு கேட்டானுங்க. நாந்தான் ஒரு பாயிண்ட முடிச்சுட்டுப் போன்னு சொன்னேனுங்க" என்றார்.

டாக்டரம்மா அதை இந்தியில் சொன்னார். சலோமி சொம்பில் மறுபடி தண்ணீர் மொண்டார். அப்புறம் மச்சானின் மறு காலையும் எடுத்துத் தட்டில் வைத்துக் கழுவினார்.

சிலுவைக்கான குழியை மச்சான்தான் தோண்டினார். யாரையும் கடப்பாரையைத் தொட விடவில்லை. பாதிரியார் ஜெபம் சொன்னார். மச்சான் எங்கள் முறைப்படி மூன்று கை மண் போட்டார். அன்று மதியம் சலோமி வீட்டில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வரும்போது, விஜயவாடா தாண்டி ஒரு பிற்பகலில், மச்சான் மேல் பர்த்தில் படுத்திருந்தார். நான் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டேன். "ஏனுங்க, அன்னைக்கு அந்த வாரேன்ங்கறத எதுக்குங்க அப்படியே சொன்னீங்க? அவரு போகாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

டாக்டரம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா செத்தப்போ நான் கனடாவுல இருந்தேன். டிக்கெட் கிடைக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். இன்னி வரைக்கும் அப்படித்தான் சொல்றேன்" என்றார். "டிக்கெட் இருந்துச்சு சார். அவரோட சண்டை போட்டுட்டுப் போயிருந்தேன். வந்து பார்க்க பயம். அத்தனை பேருக்குப் பெட்டி செஞ்சவருக்கு நான் கிட்ட இல்லை."

பிழைக்கத் தெரியாமல் வந்த அம்மாள் என்று நான் நினைத்தது நெஞ்சைக் குத்தியது. கடலைக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

மேலே அசைவு கேட்டது. மச்சான் தூங்கவில்லை. மெதுவாக இறங்கி வந்தார். இடுப்பில் துண்டை எடுத்துக் கட்டினார். டாக்டரம்மாவுக்கு எதிரே உட்காரவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பாவுக்கு என்ன ஆச்சுங்க, அம்மிணி?" என்று கேட்டார்.

டாக்டரம்மா சொல்ல ஆரம்பித்தார். நெல்லூர் வரும் வரைக்கும் அவர் பேசினார், மச்சான் கேட்டார். நான் கடலைக்காய் உரித்து இரண்டு பேர் கையிலும் மாறி மாறி வைத்துக்கொண்டே வந்தேன். அதைவிட உருப்படியான வேலை எதையும் நான் செய்ததாக எனக்கு நினைவில்லை.